ஸ்டூல் போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இடுப்பு வலி வராமல் இருக்க நிமிர்ந்து உட்காருங்கள் என்று போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். சரி, எதில் உட்கார்ந்து நிமிர்வது?

நான் மஞ்சக்குப்பத்தில் 22 வருடமாக டி.டி.பி. வேலை, அதாவது கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கும் வேலை பார்ப்பவன். மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். எனக்குக் கொடுத்திருந்தது சாய்வே இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன், நிமிர முடியவில்லை. 'ஜவ்வு விலகியிருக்கு' என்றார்கள்.

அப்போது பிசியோதெரபி கொடுத்த அம்மா சொன்னதுதான் எனக்கு இன்றுவரை உதவுகிறது. முதுகெலும்பில் இடுப்புப் பக்கம் இருக்கிற 5 எலும்புகளும் நேர்கோட்டில் இல்லை, உள்பக்கமாக லேசாக வளைந்திருக்கின்றன. நின்றபடி பின்னால் கை வைத்துப் பாருங்கள், ஒரு குழி தெரியும். கூன் போட்டு உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் சரிந்து அந்தக் குழி காணாமல் போகும். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு முன்பக்கம் நசுங்கி, நரம்பு இருக்கிற பின்பக்கமாகத் தள்ளப்படும். அதற்காக போட்டோவுக்கு உட்காருவது போல விறைப்பாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, பத்து நிமிடத்தில் தசை களைத்துப்போய் பழையபடி சரிந்துவிடுவோம். அந்தக் குழியை வெளியிலிருந்து ஏதாவது ஒன்று தாங்க வேண்டும்.

அதற்கு விலை உயர்ந்த சேர் தேவையில்லை. கடலூர், புதுச்சேரி பஸ்ஸில் டிரைவர் சீட்டைப் பார்த்திருப்பீர்கள், முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்திருப்பார்கள், அதுதான். கொஞ்சம் தடிமனான துண்டாக இருக்கட்டும், பெல்ட் போடும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள். பலர் தலையணையைத் தோள்பட்டைக்குப் பின்னால் வைக்கிறார்கள், அது ஆளை முன்னால் தள்ளி இன்னும் கூன் போடத்தான் வைக்கும். இடுப்பைச் சீட்டின் பின்பக்கம்வரை நன்றாக நகர்த்தி, லேசாகச் சாய்ந்து, பாதம் தரையில் படுகிற மாதிரி உட்கார வேண்டும். எட்டவில்லையென்றால் காலுக்கு ஒரு பலகை. அப்புறம் ஆண்களுக்கு ஒன்று: பின் பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், இடுப்பு ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். என் பர்ஸில் பணம் இருந்ததைவிடச் சீட்டுகள்தான் அதிகம்!

இவ்வளவும் செய்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். ஜவ்வுக்கு நேரடி ரத்த ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை, உடம்பு அசைந்தால்தான் அதற்குச் சத்து போகும் என்றார் அந்த அம்மா. நான் தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைப்பதை விட்டுவிட்டேன், வாசல் பக்கம் இருக்கிறது. காலில் மரத்துப்போவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது என்றால் மட்டும் இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

நான் எழுதவந்ததே வேறு. கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்கள் எல்லோருக்கும் பொருத்தமான இருக்கை இருக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கேரளாவில் அதற்கு முன்பே வந்துவிட்டது. போன தீபாவளிக்கு லாரன்ஸ் ரோடு பக்கம் துணி எடுக்கப் போயிருந்தேன். புடவை மடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, கவுண்டருக்கு அடியில் கிடந்த ஸ்டூலைக் காட்டிச் சிரித்தார். 'நிக்கிறதே தேவலைண்ணா, இதுல உக்காந்தா இடுப்பு விட்டுப்போகுது.' சாய்வில்லாத ஸ்டூலைப் போட்டுவிட்டு இருக்கை கொடுத்தாகிவிட்டது என்றால், 'பொருத்தமான' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? தொழிலாளர் துறை அதிகாரிகள் சோதனைக்குப் போகும்போது அந்த ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். உங்கள் நிருபர் ஒருவரும் கூடப் போகலாம்.

எங்கள் முதலாளி எனக்குச் சாய்வு வைத்த சேர் வாங்கிக் கொடுத்துவிட்டார். பழைய ஸ்டூலை மட்டும் இன்னும் தூக்கிப்போடவில்லை. மனு அடிக்க வரும் வயதானவர்கள் இப்போது அதில்தான் உட்காருகிறார்கள், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. ஆபரேட்டர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.