எட்டாம் வகுப்பு மழைக் குறிப்பேடு: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நவம்பர் முழுவதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் காலையில், அடுத்த 24 மணி நேரத்தில் மழை உண்டா என்று கணித்து எழுதுவார்கள். ‘வரும்’, ‘வராது’ என்றால் போதாது. 70 சதவீதம், 20 சதவீதம் என்று எண்ணும், பக்கத்தில் காரணமும் வேண்டும்.

மழைமானிக்கு, பக்கங்கள் நேராக உள்ள 2 லிட்டர் பாட்டில் ஒன்று போதும். கழுத்துப் பகுதியை நீங்களே வெட்டிக் கொடுங்கள்; அதைத் தலைகீழாகச் செருகினால் புனல். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியம் குறிக்க வேண்டும். வெயிலில் இந்தத் தண்ணீர் வற்றும். தினமும் அளந்தபின் மட்டத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவராவிட்டால் மறுநாள் மழை குறைவாகத் தெரியும். மொட்டைமாடியில் சுவரோரம் வேண்டாம். 1 மீட்டர் சுவர் என்றால் 2 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

வானிலைத் துறை காலை 8:30-க்கு அளக்கிறது. பள்ளி வண்டியில் வரும் பிள்ளைகள் 7 மணிக்கே அளக்கலாம், ஆனால் தினமும் அதே நேரம். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழைநாள். இன்று காலை எடுத்த அளவு நேற்றைய கணிப்புக்கு நேரே போக வேண்டும். அதிகம் பிசகுவது இந்த இடத்தில்தான்.

‘மேகமாக இருக்கிறது’ என்பது காரணமாகாது. காற்றின் திசை, செயற்கைக்கோள் படத்தில் கடல்மேல் உள்ள மேகக்கூட்டம், முந்தைய மூன்று நாள் அளவு என்று சொல்லட்டும். பகல் வெயிலை நம்பி ‘வராது’ என்பவர்கள் ஏமாறுவார்கள்; கடலோரத்தில் பருவமழை பல நாள் இரவிலும் விடியற்காலையிலும்தான் கொட்டும். செய்தியில் வரும் ‘ஓரிரு இடங்களில் மழை’ என்பதும் மாவட்டத்தில் கால்பங்கு இடத்துக்கு மேல் போகாது. அதைக் கேட்டு 90 போட்டால் மதிப்பெண்ணில் அடி விழும்.

மதிப்பெண் இப்படி: மழை பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0; கணிப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. 70 சதவீதம் (0.7) சொல்லி மழை பெய்தால் பிழை 0.3, வர்க்கம் 0.09. பெய்யாவிட்டால் 0.7, வர்க்கம் 0.49. இந்த வர்க்கங்களின் மாதச் சராசரி குறைவாக இருப்பவரே முன்னிலை. தினமும் யோசிக்காமல் 50 எழுதினாலே 0.25 வந்துவிடும், அதைத் தாண்டினால் காரணங்களை மறுபடி பார்க்க வேண்டும்.

கணிப்பு தவறினால் திருத்தி எழுத விடாதீர்கள். பேனாவால் எழுதட்டும். அக்டோபர் 31-க்குள் மானி தயாராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்