பென்சிலில் எழுதிய ‘பேசவும்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அதிகாரிகளின் நேர்மை பற்றி உங்கள் இதழில் வந்த தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். பொறியில் சிக்கியவர்கள், கட்டிலுக்கடியில் கிடைத்த நோட்டுக்கட்டுகள், தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்ற கோரிக்கை. எல்லாம் சரி. ஆனால் லஞ்சம் வாங்காதவர் என்றாலே நேர்மையானவர் என்று கணக்கை முடித்துவிட்டீர்களோ என்று ஒரு சந்தேகம். தில்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். 1980ல் கீழ்நிலை கிளார்க்காகச் சேர்ந்து, 2018ல் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றேன். யாரிடமும் ஐந்து ரூபாய் வாங்கியதில்லை. ஆனாலும் என்னை நேர்மையானவள் என்று சொல்லலாமா என்றால், யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பக்கத்து வீட்டுக் கதை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் பாதிக்குப் பாதி தமிழ்க் குடும்பங்கள். கிருத்திகை தவறாமல் மலை மந்திர் முருகன் கோவில் படியேறுகிறவர்கள். காசு புரளும் ‘சீட்’ எங்களில் யாருக்கும் வாய்த்ததில்லை. வாய்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பது வேறு கதை. நான்கு வருடத்துக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் குடும்பத்தோடு போய்வர அரசாங்கம் பணம் தரும். அதை எல்.டி.சி. என்போம். (நான் வேலைக்குச் சேர்ந்த பதவியும் எல்.டி.சி.தான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது!) கன்னியாகுமரிக்கு ஐந்து பேர் பஸ்ஸில் போய்வந்ததாக ரசீது தர ஒரு டிராவல்ஸ்காரர் இருந்தார். அவர் கமிஷன் போக மிச்சம் கைக்கு வரும். கன்னியாகுமரியில் இருக்க வேண்டிய குழந்தைகள் அந்தப் பதினைந்து நாளும் எங்கள் ஜன்னலுக்குக் கீழே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு வீட்டில் அப்படித்தான் ஃபிரிட்ஜ் வந்தது. என்ன மாமி இது என்று கேட்டேன். "நமக்குச் சேர வேண்டியதுதானேடீ, போகாட்டா வீணாத்தானே போகும்?" என்றார். அந்த மாமி கறிகாய்க்காரர் ஒரு ரூபாய் அதிகமாகத் திருப்பிக் கொடுத்தால் மாடியிலிருந்து கூப்பிட்டுக் கொடுக்கிறவர்.

அதை யாரும் ஊழல் என்று நினைக்கவில்லை. ஊழல் என்றால் மேஜைக்கடியில் கை நீள வேண்டும். 1962ல் நம்மூர்க்காரர் கே.சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். அதன் விளைவுதான் 1964ல் வந்த மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம். தில்லியில் ஐ.என்.ஏ. என்ற பகுதிப் பக்கம் போனால் சதர்க்தா பவன் என்று பெரிய கட்டடமாக நிற்கும். பல நேரங்களில் காசு கொடுப்பவர் சட்டவிரோதமாக எதையும் கேட்பதில்லை, ஃபைல் நகர்ந்தால் போதும் என்றுதான் கொடுக்கிறார் என்று அந்தக் குழு அப்போதே எழுதியது. நான் சொல்ல வருவது அதற்கு நேர்மாறான சமாசாரம். காசே கைமாறாமல் ஃபைல் நகரும். நகரக்கூடாத திசையில் நகரும்.

1994 என்று நினைவு. அப்போது நான் அசிஸ்டென்ட். எங்கள் அலுவலகத்துக்கு இரும்பு அலமாரிகள் வாங்கியதில் கம்பெனி இரண்டு மாதத்துக்கு மேல் தாமதம் செய்திருந்தது. ஒப்பந்தப்படி அபராதம் பிடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் 42,000 ரூபாய் சொச்சம். ஃபைலில் குறிப்பு எழுதும் பச்சைத் தாளில், அதாவது நோட் ஷீட்டில், விவரமாக எழுதி மேலே அனுப்பினேன். மறுநாள் ஃபைல் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலில் ஒரே வார்த்தை: ‘பேசவும்’.

மத்திய அரசில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும். பேனாவில் எழுதினால் பதிவு. பென்சிலில் எழுதினால் ரப்பர் இருக்கிறது.

எங்கள் டெபுடி செக்ரட்டரி அப்பழுக்கில்லாதவர் என்று பெயரெடுத்தவர். தீபாவளிக்கு வருகிற ஸ்வீட் டப்பாக்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். வீட்டிலிருந்து சப்பாத்தியும் ஊறுகாயும் கொண்டுவந்து அறையிலேயே சாப்பிடுவார். உள்ளே போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊப்பர் ஸே ஆயா ஹை" என்றார். மேலேயிருந்து வந்திருக்கிறதாம். மேலே என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. சீட்டுக்குத் திரும்பி, பழைய பச்சைத் தாளை உருவிக் கிழித்துப் போட்டேன். புதுத் தாளில், ‘தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல, அபராதம் தேவையில்லை’ என்று என் கையெழுத்தில் எழுதினேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு டீ கூட லாபமில்லை.

அந்தக் காலத்தில் வருடாந்தர ரகசிய அறிக்கையில் சத்யநிஷ்டா என்று ஒரு கட்டம் இருக்கும். நேர்மைக்கான கட்டம். சந்தேகம் இல்லையென்றால், ‘சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது’ என்று எழுதுவார்கள். சந்தேகம் இருந்தால் கட்டத்தைக் காலியாக விட்டு, தனியாக ரகசியக் குறிப்பு எழுத வேண்டும். அந்த வருடத்து அறிக்கையை நான் பார்த்ததில்லை, அப்போது காட்டமாட்டார்கள். ஆனால் புரமோஷன் தடையில்லாமல் வந்தது. வழக்கமான வாசகத்தைத்தான் எழுதியிருப்பார்.

விதி இல்லாமல் இல்லை. 1964ஆம் வருடத்து நடத்தை விதிகளிலேயே இருக்கிறது: மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாயால் சொல்ல நேர்ந்தால் உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும், கீழே இருப்பவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். முன்னாள் கேபினட் செயலர் டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் தொடுத்த வழக்கில், வாய்மொழி உத்தரவை நம்பிச் செயல்படக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 31 அன்று சொன்னது. பட்டேல் பிறந்தநாள். அந்த வாரத்தில்தான் வருடா வருடம் எல்லோரையும் வராந்தாவில் நிறுத்தி ஊழல் எதிர்ப்பு உறுதிமொழி வாசிக்க வைப்பார்கள், அப்புறம் சமோசா வரும்.

கேட்டு வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பக்கத்து செக்‌ஷனில் இருந்த சர்தார்ஜி. வாயால் எது சொன்னாலும், "லிக் கே தே தீஜியே, சர்" என்பார். எழுதித் தராவிட்டால் தானே ஒரு சீட்டு எழுதி அனுப்புவார்: ‘இன்று காலை 11.15 மணிக்குத் தாங்கள் சொன்னபடி...’ அவ்வளவுதான், சொன்னவர் சொல்லவேயில்லை என்று பின்வாங்கிவிடுவார். பத்தரைக்கு முன்னால் அவர் ஒருநாளும் ஆபீசுக்கு வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரோடும் சண்டை வேறு. கடைசியில் ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். அங்கேயிருந்து ஓய்வு பெற்றார்.

அதைப் பார்த்துத்தான் நாங்கள் பயந்தோம். தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளை, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்களுக்கு அப்படி எந்த ஆபத்தும் இல்லை. ரெக்கார்டு ரூம், குவார்ட்டர்ஸ், பிள்ளையின் ஸ்கூல், இவ்வளவுதான் எங்கள் பயம். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும்போது காசாசையை மட்டும் பார்த்தால் போதாது, பயம் வந்தால் என்ன செய்வான் என்றும் பார்க்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

பொதுநலன் எதுவும் இல்லாமல் இன்னொருவருக்கு ஆதாயம் கிடைக்கச் செய்வதும், தான் காசு வாங்காவிட்டாலும், குற்றம் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2018 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு முடிவெடுத்தவர்களும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது காரணம். காரணம் நியாயம்தான். நாங்கள் எடுத்த முடிவில் நல்லெண்ணம் எங்கே இருந்தது என்று மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்போது எல்லாம் இ-ஆபீஸ், தாளைக் கிழிக்க முடியாது என்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் ஒரு அமைச்சகத்தில் இருக்கிறாள். கம்ப்யூட்டரில் முதலில் மஞ்சள் நோட்டாக எழுதி, உறுதி செய்த பிறகுதான் அது பச்சையாகுமாம். பச்சையான பிறகு அழிக்க முடியாது. "அதனால மஞ்சளா இருக்கும்போதே வாட்ஸாப் கால் வந்துடும், ஆன்ட்டி" என்று சிரித்தாள். பென்சிலுக்குப் பதில் வாட்ஸாப்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு அதிகாரியை நேர்மையானவர் என்று பாராட்டி எழுதுவதற்கு முன், அவர் எளிமையாக இருக்கிறார், பழைய கார் வைத்திருக்கிறார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அவர் கையெழுத்துப் போட்ட ஃபைலில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் ஃபைல் குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம். எங்கள் டெபுடி செக்ரட்டரி ஓய்வு பெற்ற அன்று, சல்லிக்காசு தொடாத மனிதர் என்று எல்லோரும் பேசினார்கள். நானும் பேசினேன். பொய்யும் இல்லை அது.

கடிதத்தில் பெயரும் முகவரியும் எழுதியிருக்கிறேன். அச்சில் போட வேண்டாம். பென்ஷனுக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று என் கணவர் பயப்படுகிறார். ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், தில்லி