திப்ருகருக்கு எத்தனை மணி நேரம்?

அஸ்தம்பட்டி, சேலம்

மாப்ளே,

பதில் போட ஒரு மாசமாச்சு. திட்டிக்கோ. அப்பாவைச் சேலத்துலேர்ந்து அசாம்ல இருக்கிற திப்ருகருக்கு அழைச்சுட்டுப் போறேன்னு எழுதியிருந்தியே, அதுக்காகத்தான் இப்ப உட்கார்ந்தேன். ‘நெட்டுல மூணரை மணி நேரம்னு போட்டுட்டு, டிக்கெட்டுல அரை நாளா காட்டுறான்’னு ஒரே கொதிப்பு! கணக்கு வாத்தியார் உன்னைப் பெஞ்சு மேல ஏத்தினது தப்பே இல்லை.

நம்ம சேலம் விமான நிலையம் இருக்கிற காமலாபுரத்துலேர்ந்து திப்ருகர் விமான நிலையம் இருக்கிற மோகன்பாரிக்கு நேர்க்கோட்டுல சுமார் 2,480 கி.மீ. அதை ஜெட் வேகம் மணிக்கு 800 கி.மீ.ன்னு வச்சு வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தா 3 மணி 36 நிமிஷம். நெட்டுக்காரன் கணக்கு அவ்வளவுதான். அப்படி ஒரு விமானம் இருக்கான்னு அவன் பார்க்கிறதில்லை. நம்ம ஓடுபாதை 1,806 மீட்டர். அதுல ஏடிஆர்ங்கிற சின்ன விசிறி விமானம்தான் வந்து போகுது, வேகம் மணிக்கு 500 கி.மீ. சொச்சம்.

வேடிக்கையைக் கேளு. சென்னை, கொல்கத்தா மாறிப் போனா மூணு கட்டமும் 265, 1,380, 850 கி.மீ. கூட்டினா 2,495. நேர்க்கோட்டைவிட 15 கி.மீ.தான் கூட, டவுன்லேர்ந்து ஓமலூர் போற தூரம்! சுத்திப் போறதால நேரம் போகலைடா. மூணு விமானத்துக்கும் ஏறத்தாழ 1 மணி 10, 2 மணி 25, 1 மணி 35 நிமிஷம், ஆக மொத்தம் அஞ்சு மணி பத்து நிமிஷம். டிக்கெட்டுல போடுறது சக்கரத்துக் கட்டையை எடுத்ததிலேர்ந்து மறுபடி வைக்கிறவரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறதும் அதுல சேர்த்தி. அரை நாள்ல மிச்சமெல்லாம் விமானம் மாறுற இடத்துல நாற்காலியில உட்கார்ந்து கழிக்கிறதுதான்.

குளிர்காலத்துல வட இந்தியா மேல மேற்குக் காத்து பலமா அடிக்கும். நாம போற திசையில அது மணிக்கு 100 கி.மீ. கூட்டிக் குறைக்குதுன்னு வச்சுக்கோ. கொல்கத்தாவிலேர்ந்து போறப்ப 850 கி.மீ.க்கு 57 நிமிஷம், எதிர்க்காத்துல திரும்பறப்ப 73. அதனால வர்ற டிக்கெட்டுல நேரம் கூடத் தெரிஞ்சா ஏஜெண்டோட சண்டைக்குப் போகாதே.

இனி விளையாட்டில்லை. மூணு விமானமும் ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே முன்பதிவு எண்ல வரணும். கொஞ்சம் காசு மிச்சம்னு தனித்தனியா எடுத்தா, முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போச்சுன்னா யாரும் பொறுப்பில்லை. பெட்டியையும் நடுவுல நீயே எடுத்து மறுபடி போடணும், கவுண்டரோ ஒரு மணி நேரம் முன்னாலயே மூடிடுவான். டிசம்பர், ஜனவரின்னா கொல்கத்தாவுல காலைப் பனிமூட்டம் வேற. நடுவுல மூணு மணி நேரமாவது விடு. என்னைக் கேட்டா, முதல் நாளே வந்தே பாரத்துல சென்னை போய்ப் படுத்துட்டு, அங்கேர்ந்து கிளம்புறதுதான் உத்தமம். மூணு விமானம் ரெண்டாகும், அப்பாவுக்கும் தூக்கம் கெடாது.

இல்லை, சேலத்துலதான் ஏறுவேன்னா, ஏடிஆர்ல பின்கதவுப் படி ஏறணும். அவர் முட்டிக்கு ஆகாது. டிக்கெட் போடுறப்பவே சக்கர நாற்காலி கேட்டுடு. மேல பெட்டி வைக்கிற இடமும் சின்னது, டிராலியைக் கீழ வாங்கிடுவாங்க. மாத்திரை, கண்ணாடியெல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுல அட்டவணை மாறும், அதைத் தாண்டின தேதின்னா மறுபடி பார்த்துக்கோ.

அங்க காருக்குச் சொல்றப்ப எந்த மணின்னு சேர்த்துச் சொல்லு. உங்க தோட்டத்து ‘பாகான் டைம்’ (தேயிலைத் தோட்ட நேரம்) நம்ம கடிகாரத்தைவிட ஒரு மணி முன்னால ஓடுது. நாலுன்னா டிரைவர் மூணுக்கே வந்து நின்னு சபிப்பான்.

தேதி முடிவானதும் எழுது. ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை ரெண்டு கிலோ எடுத்து வைக்கிறேன். நீ டீத்தூள் கொண்டு வந்தா இலையா கொண்டு வா, போன தடவை மாதிரி தூசி வேண்டாம்.

உன்
பக்கத்துப் பெஞ்சுக்காரன்