சென்னையின் அலுவலகக் கட்டட உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தில் எட்டு வருடமாக சில்லர் ஆபரேட்டராக வேலை பார்க்கிறேன். கட்டட ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்தான் சில்லர். ஏசியைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்க உங்களில் பலர் பேசிவருகிறீர்கள். நல்லதுதான். ஆனால் அதற்கு எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

விற்க வருபவர்கள் கூகுள் கதையைச் சொல்வார்கள். 2016இல் அதன் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் மென்பொருள் கூகுளின் தரவு மையத்தில் குளிரூட்டும் மின்சாரத்தை 40 சதவீதம் வரை குறைத்தது. உண்மைதான். ஆனால் அங்கே சர்வர்கள் இருக்கின்றன. இங்கே எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், வெளியே மே மாத வெயில் கொளுத்தும்போது ஒரு தளத்தில் பாதிப் பேர் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். தளத்துக்கு வைத்தது 22 டிகிரி. ஆனால் அந்த சென்சார் ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே இருந்தது. அது 25 காட்டும்போது மேசைகளில் 20 இருக்கும். லாக் புக்கில் மூன்று முறை எழுதினேன். யாரும் அதை இடம் மாற்றவில்லை. அந்த எண்ணை நம்பி எந்த மென்பொருள் கற்றுக்கொண்டாலும், நடுங்குகிறவர்களை இன்னும் நடுங்கத்தான் வைக்கும்.

சரி, சென்சார் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மின் கட்டணத்தை மட்டும் குறை என்று சொன்னால், சில்லரிலிருந்து போகும் தண்ணீரின் வெப்பநிலையை 7 டிகிரியிலிருந்து 10க்கு ஏற்றுவதுதான் அதற்குச் சுலபமான வழி. சில்லருக்குச் சுமை குறையும். ஆனால் அந்தத் தண்ணீர் ஓடி காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில் (காயில்) காற்றின் ஈரம் வடிவது குறைந்துபோகும். மழைக்காலச் சென்னையில் அப்படிச் செய்தால் டிஸ்ப்ளேயில் 24 இருக்கும், உள்ளே புழுக்கம் தாங்காது. வெளிக்காற்று வரும் வழியில் இருக்கும் டேம்பர் என்ற தடுப்பை மூடினாலும் மின்சாரம் மிச்சம்தான். ஆனால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடும். சாயங்காலம் தலை கனக்கிறது என்று எல்லோரும் எனக்குத்தான் போன் செய்வார்கள். ஈரப்பதத்துக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் அது தாண்டக் கூடாத எல்லையை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

22 என்ற அந்த எண்ணையும் கேள்வி கேளுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் (பிஇஇ). அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து நகர அலுவலகங்களில் எந்த வெப்பநிலை இதமாக இருக்கிறது என்று ஊழியர்களையே கேட்டு ஒரு அளவுகோலை உருவாக்கியது. அது 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இருக்கிறது. நம் ஊர் உடம்புக்கு இவ்வளவு குளிர் தேவையில்லை என்பதுதான் அதிலிருந்து தெரிவது. ஏசியின் வெப்பநிலையை ஏற்றி வைத்து மின்விசிறியைச் சுழலவிடுங்கள். தளங்களுக்குக் குளிர்காற்றை அனுப்பும் ஏஹெச்யூவின் விசிறி மோட்டார் வேகத்தை 80 சதவீதமாக்கினாலே அதற்கான மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மென்பொருள் இதையெல்லாம் எங்களைவிட நுணுக்கமாகச் செய்யும், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம், “குளிருது”, “புழுங்குது” என்று ஊழியர்கள் சொல்வதும் அதற்குத் தினமும் போய்ச்சேர வேண்டும். தவறு நடந்தால் கட்டுப்பாட்டை உடனே கையில் எடுக்க ஆபரேட்டருக்கு உரிமை வேண்டும். கூகுளே 2018இல் தானியங்கி முறைக்கு மாறியபோது அந்த உரிமையை ஆட்களிடமே வைத்திருந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு மதியம் உங்கள் பிளான்ட் ரூமுக்கு வாருங்கள். எந்தத் தளத்தில் எந்த சென்சார் பொய் சொல்கிறது என்று லாக் புக்கில் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு சில்லர் ஆபரேட்டர்