எம்ஜிபி கார் விற்பவர்களே, அந்தத் தகட்டையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்

இங்கிலாந்தில் எம்ஜி கம்பெனியின் எம்ஜிபி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி விற்கிற கடைக்காரர்களுக்கும், ஏலம் விடுகிற கம்பெனிக்காரர்களுக்கும், வீட்டு கராஜில் ஒன்றை வைத்துப் பழுது பார்த்து விற்கிற ஆர்வலர்களுக்கும் வணக்கம்.

தமிழில் எழுதினால் எங்களில் யார் படிப்பது என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, உங்களிடம் கார் வாங்க வருகிற நம் ஆட்கள் படிப்பார்கள். படித்துவிட்டுக் கேள்வியோடு வருவார்கள். அப்போது முழிக்காமல் இருக்க உங்களுக்கும் இது உதவும்.

உங்கள் விளம்பரங்களில் படங்களுக்குக் குறைவே இல்லை. கம்பிச் சக்கரம், தோல் இருக்கை, பளபளக்கும் குரோம் பம்பர், மர ஸ்டியரிங், மாலை வெயிலில் பக்கவாட்டாக ஒன்று, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி வரைக்கும் காட்டிவிடுகிறீர்கள். "மேட்சிங் நம்பர்ஸ்" என்று கொட்டை எழுத்தில் வேறு. எந்த நம்பர் எதோடு மேட்ச் ஆகிறது என்று பார்க்கப் போனால் அந்த நம்பரை மட்டும் காணோம். பானெட்டைத் திறந்து எடுத்த படத்தில்கூட, உள் மட்கார்டில் இருக்கிற கார் எண் தகடு (சாலைப் பதிவு எண் இல்லை, தொழிற்சாலை கொடுத்த எண்) சொல்லிவைத்தாற்போல் படத்துக்கு வெளியே போய்விடுகிறது. தற்செயல் என்றுதான் நம்புகிறேன், ஆனால் எல்லோருக்கும் ஒரே தற்செயல் எப்படி நடக்கும்?

அந்தத் தகட்டில் இருப்பது வெறும் வரிசை எண் இல்லை. ஜிஎச்என்3 என்று தொடங்கும் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜி என்றால் எம்ஜி. எச் என்பது இன்ஜின் 1400-க்கும் 1999 சிசிக்கும் இடைப்பட்டது என்பதற்கு எம்ஜியின் தாய்க் கம்பெனியான பிஎம்சி வைத்த எழுத்து. எம்ஜிபியில் இருப்பது 1798 சிசி. என் என்றால் இரண்டு இருக்கைத் திறந்த கார், அதாவது ரோட்ஸ்டர். 1965-இல் வந்த, நிலையான கூரை கொண்ட ஜிடியாக இருந்தால் அந்த இடத்தில் டி (D) இருக்கும். கடைசியில் உள்ள 3 எத்தனையாவது வரிசை என்பது. முதல் எம்ஜிபியே 3-இல் ஏன் தொடங்குகிறது என்றால், அதற்கு முந்தைய எம்ஜிஏ 1600 ஜிஎச்என் என்றும் அதன் மார்க் 2 ஜிஎச்என்2 என்றும் அதே குறியீட்டை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டன. கணக்கு அறுபடாமல் தொடர்ந்தது, அவ்வளவுதான். எம்ஜிபியின் வரிசை எண் 1962-இல் 101-இல் ஆரம்பிக்கிறது. 1967 கடைசியில் மார்க் 2 வந்தபோது 3 என்பது 4 ஆனது, 1969 இலையுதிர் காலத்தில் 4 என்பது 5 ஆனது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. எம்ஜியின் அபிங்டன் தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது; கடைசிக் கட்டத்தில் எண் முறையே மாறும் வரை அந்த 5 மாறவே இல்லை. நடுவில் 1974-இல் அமெரிக்கச் சட்டத்துக்காகக் குரோம் பம்பரைத் தூக்கிவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள், காரின் உயரத்தையே கூட்டினார்கள், ஓட்டுகிற விதமே மாறிப்போனது. குறியீடு அசையவில்லை. ஆகவே ஜிஎச்என்5 என்று மட்டும் சொன்னால் அது 1970-இன் அழகான குரோம் காரா, 1979-இன் ரப்பர் காரா என்று யாருக்கும் தெரியாது. பின்னால் வரும் வரிசை எண் வேண்டும். 360300-ஐத் தாண்டிவிட்டால் அது பிறக்கும்போதே ரப்பர் பம்பரோடு பிறந்த கார். இப்போது குரோம் பம்பரோடு நிற்கிறதென்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதில் ஒரு தப்பும் இல்லை, நிறையப் பேர் செய்கிறார்கள், பார்க்கவும் நன்றாக இருக்கிறது. மாற்றியதைச் சொல்லாமல் குரோம் கார் விலை கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்காவுக்குப் போன கார்கள் இன்னும் கொஞ்சம் பேசும். எம்ஜிபியில் பெரும்பகுதி அங்கேதான் போனது, அதில் துருப்பிடிக்காத மாநிலங்களில் இருந்தவற்றை நீங்கள் திரும்பக் கொண்டுவந்து வலது கை ஓட்டுநர் காராக மாற்றி விற்கிறீர்கள். அந்தக் கார்களின் எண்ணில் 5-க்குப் பிறகு அமெரிக்காவைக் குறிக்கும் யு, அதற்கடுத்து மாடல் ஆண்டுக்கு ஓர் எழுத்து: 1970-க்கு ஏ, 1971-க்கு பி என்று போய், எச்சுக்குப் பிறகு ஐ-யை விட்டுவிட்டு ஜே, கே, எல் என்று 1980-இல் முடியும். உள்ளூர்க்காரனுக்குக் கிடைக்காத வசதி இது. டேஷ்போர்டையும் ஸ்டியரிங்கையும் இடம் மாற்றலாம், அந்த யு அங்கேயேதான் இருக்கும், தகட்டையே மாற்றினால் ஒழிய. வெயில் காய்ந்த கலிஃபோர்னியா உடற்கூடு எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தமானதுதான். அதைப் பெருமையாகச் சொல்லி விற்கலாமே, ஏன் ஒளிக்க வேண்டும்?

(பிஎம்சி எழுத்துகளை ரொம்ப நம்பி ஜோசியம் பார்க்கவும் வேண்டாம். 1967 முதல் 1969 வரை வந்த எம்ஜிசி 2912 சிசி, அதன் குறியீடு ஜிசிஎன்1. அதே 2912 சிசி கொண்ட ஆஸ்டின் ஹீலி 3000-இன் குறியீடு எச்பிஜே8. ஒரே கொள்ளளவு, ஒன்றில் சி, இன்னொன்றில் பி. 3528 சிசி ரோவர் வி8 இன்ஜின் போட்ட ஜிடிக்கு ஜிடி2டி1 (GD2D1). அந்த வி8 தொழிற்சாலையிலிருந்து ரோட்ஸ்டராக விற்பனைக்கு வந்ததே இல்லை, 2591 காரும் ஜிடிதான். "ஒரிஜினல் ஃபேக்டரி வி8 ரோட்ஸ்டர், 1974" என்று யாராவது சொன்னால் காபி குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடலாம்.)

சரி, மேட்சிங் நம்பருக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் கார் எண்ணும் இன்ஜின் எண்ணும் பாடி எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள், நீங்களும் அதைத் திருத்துவதில்லை. உடற்கூடு வேறிடத்தில் பிரஸ்ட் ஸ்டீல் கம்பெனியில் தயாரானது, இன்ஜின் இன்னோர் இடத்திலிருந்து வந்தது, அபிங்டனில் எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்தினார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி எண் வரிசை. ஆகவே மூன்றும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. மேட்ச் ஆக வேண்டியது தொழிற்சாலைப் பதிவேட்டோடு. அந்தப் பதிவேடு வார்விக்‌ஷரில் கேடன் என்ற ஊரில் இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கிறது, பணம் கட்டினால் ஹெரிடேஜ் சர்டிஃபிகேட் தருகிறார்கள். கார் கட்டிய தேதி, என்ன நிறம், எந்த இன்ஜின் எண், எங்கே அனுப்பினார்கள் எல்லாம் அதில் வரும். அந்தத் தாள் இல்லாமல் மேட்சிங் என்று எழுதுவது வெறும் வாய்ப்பந்தல்.

அப்புறம் அந்த இன்ஜின் எண்ணையே பார்த்தால்கூட பாதி கதை புரிந்துவிடும். ஆரம்பக் கார்களில் மூன்று பேரிங் இன்ஜின், 18ஜி என்றும் பிறகு 18ஜிஏ என்றும் வரும். 1964 அக்டோபரில் ஐந்து பேரிங் கிராங்க் வந்தபோது 18ஜிபி. எழுபதுகளில் 18வி. 1963 கார், ஒரிஜினல் இன்ஜின் என்று எழுதியிருக்கும், பிளாக்கின் பக்கத்தில் உள்ள தகட்டில் 18வி என்று இருக்கும். இன்ஜின் மாறியதே பெரிய குற்றம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பிஎம்சியே கோல்ட் சீல் என்ற பெயரில் புதுப்பித்த இன்ஜினை விற்றது, பழையதைக் கொடுத்துவிட்டு இதை மாட்டிக்கொண்டு போவது சாதாரணம். வாங்குகிறவருக்கு அந்த இன்ஜின் நல்லபடி ஓடினால் போதும். பொய்தான் வேண்டாம்.

இத்தனைக்கும் இந்த நாட்டு அரசு ஒரு காரின் அடையாளத்தில் இன்ஜினுக்கு என்ன மதிப்புக் கொடுத்தது தெரியுமா? ஸ்வான்சியில் இருக்கிற வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ நெடுங்காலம் வைத்திருந்த புள்ளிக் கணக்கில், பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க ஒரு காருக்கு 8 புள்ளி வேண்டியிருந்தது. எம்ஜிபி மாதிரி தனிச் சேஸிஸ் இல்லாத காரில் உடற்கூட்டுக்கு மட்டும் 5. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இன்ஜினுக்கு 1. நீங்கள் கொட்டை எழுத்தில் போடுகிற சமாச்சாரத்துக்கு ஒரு புள்ளி, நீங்கள் பேசவே பேசாத உடற்கூட்டுக்கு ஐந்து!

பேசாததற்குக் காரணம் இருக்கிறது, அது எனக்கும் புரிகிறது. எம்ஜிபி முதலில் துருப்பிடிப்பது கதவுக்கு அடியில் ஓடும் சில் என்ற பகுதியில், அந்தச் சில்தான் காரையே தாங்குகிறது, எனவே நிறையக் கார்கள் முழு உடற்கூட்டையே மாற்றிக்கொண்டவை. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்துப் புது எம்ஜிபி கூடுகளைச் செய்து விற்கிறது. ரசீதோடு அதே வகைப் புதுக் கூட்டைப் போட்டால் அந்தப் புள்ளிக் கணக்கிலேயே அது செல்லுபடியானது, ஒளிவுமறைவு தேவையில்லை. எனக்குக் கேட்டால் பத்து இடத்தில் ஒட்டுப்போட்ட "ஒரிஜினல்" கூட்டைவிட ஒழுங்காகப் போட்ட ஹெரிடேஜ் கூடு எவ்வளவோ மேல்.

பிரச்சினை அதில்லை. துருப்பிடித்துச் செத்த ஒரு காரின் தகட்டையும் லாக் புக் என்ற பதிவு ஆவணத்தையும் எடுத்து வேறொரு காரில் மாட்டுவதுதான். பல ஆண்டு காலம் அதற்கு ஒரு காசு லாபம் இருந்தது. 1973 ஜனவரி 1-க்கு முன் தயாரான காருக்குச் சாலை வரி இல்லை என்று தொண்ணூறுகளின் கடைசியில் தேதியை உறைய வைத்தார்கள். 2014-இல்தான் அது நாற்பது ஆண்டு என்று மறுபடி நகரத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் 1972 கார் ஒன்றின் அடையாளத்துக்குத் தனி ருசி. இப்போது எல்லா எம்ஜிபிக்கும் நாற்பது தாண்டிவிட்டதால் அந்த ஆசை போயிற்று. அதற்குப் பதில் பந்தய ஆசை வந்திருக்கிறது: வரலாற்றுக் கார் பந்தயங்களில் 1966-க்கு முந்தைய எம்ஜிபிக்கு ஏக கிராக்கி. 1965 வரை வந்த, வெளியே இழுத்துத் திறக்கும் கைப்பிடி கொண்ட கதவுகளை வாங்கி ஒரு பிந்தைய கூட்டில் மாட்டி, பழைய தகடு ஒன்றை நாலு ரிவெட் அடித்தால் வேலை முடிந்தது. அந்தக் காலக் கார்களில் பெரும்பாலும் எண் என்பது அந்தச் சின்னத் தகட்டில்தான் இருக்கிறது என்பது இந்த வேலையை இன்னும் சுலபமாக்குகிறது. அதனால்தான் உடற்கூட்டின் எண் பொறித்த சின்னத் துண்டையும், அதாவது பாடி எண் துண்டையும், காட்டச் சொல்கிறேன். இரண்டு பொய்யை ஒன்றுக்கொன்று முரண்படாமல் சொல்வது ஒரு பொய்யைவிடக் கஷ்டம்.

"பழைய எண்ணில் புதுக் கார் ஜாகுவார் கம்பெனியே செய்யவில்லையா" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். செய்தது. லைட்வெயிட் இ-டைப் என்ற பந்தயக் காருக்கு அறுபதுகளில் 18 எண்கள் ஒதுக்கி 12 கார்தான் கட்டினார்கள், மிச்சமிருந்த ஆறு எண்களுக்கும் 2014-இல் புதிதாகக் கார் கட்டுவதாக அறிவித்தார்கள். ஆனால் புதுசு என்று ஊருக்கே சொல்லிவிட்டுச் செய்தார்கள். 1964-இல் கட்டியது என்று யாருக்கும் விற்கவில்லை.

எண்ணை வெளியே போட்டால் யாராவது திருடிப் போலி செய்துவிடுவார்கள் என்பதும் உங்கள் பக்கத்து நியாயம்தான். அப்படியென்றால் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிடுங்கள். ஜிஎச்என் எத்தனை, யு இருக்கிறதா இல்லையா, வரிசை எண் எந்த ஆயிரத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். இன்ஜின் தகட்டின் முன்னொட்டு ஒரு படம், பாடி எண் துண்டு ஒரு படம், கேடன் சர்டிஃபிகேட் இருந்தால் அது ஒரு படம், கூடு மாறியிருந்தால் எந்த ஆண்டு யார் மாற்றினார்கள் என்று ஒரு வரி. சூரிய அஸ்தமனப் படத்தில் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் இடம் கிடைத்துவிடும்.

கார் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று. போனில் விலை கேட்பதற்கு முன்னால் "ஜிஎச்என்-னுக்கு அடுத்து என்ன எண்?" என்று கேளுங்கள். விற்கிறவர் உடனே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் கிளம்பிப் போய்ப் பாருங்கள். அது எதற்குச் சார் என்று இழுத்தால் வேறு எம்ஜிபி தேடுங்கள், ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள்.