'இல்லை' என்று சொன்னவர்களுக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன ஒரு வருஷமாக மதுரையைச் சுற்றி ராத்திரியில் புளியமரப் பொந்துகளுக்கு டார்ச் அடித்துக்கொண்டு அலைந்தோமே, அந்த நாலு பேர் சார்பாக இதை எழுதுகிறேன்.

நாங்கள் தேடியது ராமேஸ்வரத்துப் பெரிய மரச்சிலந்தியை. அங்குள்ள அனுமன் விலாசம் கோயிலின் பெயரைத்தான் அதன் அறிவியல் பெயரில் வைத்திருக்கிறார்கள். 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் அதைத் தனி இனமாக விவரித்தார், 2008-லேயே மிகவும் அருகிவிட்ட உயிர் என்று சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. தீவில் இருக்கிறது, மண்டபம் பக்கம் இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் பார்த்திருக்கிறார்கள். சரி, மேற்கே எதுவரை? மானாமதுரை, திருப்புவனம், மேலூர் என்று இந்தப் பழைய புளியமர வரிசையில் எங்காவது இருக்குமா?

முதல் நன்றி மண்டபம் பக்கத்து அந்தக் குடும்பத்துக்கு. அவர்கள் வீட்டு மரத்தில்தான் அதை நேரில் பார்த்தோம். பட்டையோடு பட்டையாகச் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது, வெளிச்சம் பட்டதும் முன்கால் இரண்டையும் தூக்க, அடியில் பளிச்சென்று மஞ்சள், அடுத்த நொடி பொந்துக்குள் போய்விட்டது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். இந்த வகைச் சிலந்திகளைப் பிடித்து வெளிநாட்டில் வளர்ப்புக்கு விற்கிறார்கள், 2019-லிருந்து சர்வதேசக் கட்டுப்பாடு இருந்தும் பயம் போகவில்லை.

நாலு வழிச்சாலைக்கு வெட்டியது போக மிச்சமுள்ள மரங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்த டிரைவர் அண்ணனுக்கும், புளி உலுக்க ஏறும்போதே பொந்துகளையும் பார்த்துச் சொன்ன தம்பிகளுக்கும் நன்றி. ஒரு தடவை பார்த்துவிட்டு இல்லை என்று எழுத முடியாது, அதனால்தான் ஒரே மரத்துக்கு மூணு நாலு தடவை வந்து உங்கள் தூக்கத்தைக் கெடுத்தோம். ஒரு உயிர் இருக்கிறது என்று சொல்ல ஒரு போட்டோ போதும், எதுவரை இருக்கிறது என்று சொல்ல இல்லாத இடத்தையும் பார்த்தாக வேண்டும். எங்கள் மூணு நோட்டிலும் பக்கம் பக்கமாக 'இல்லை'தான். அத்தனையும் நீங்கள் கொடுத்தது.

அப்புறம் மானாமதுரை ஆத்தா. கதவிடுக்கில் கிடந்த சிலந்திச் சட்டையைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, நாங்கள் வரும்வரை பதினோரு நாள் சாமி மாடத்தில் வைத்திருந்தார். கால் ஒன்றுகூட ஒடியவில்லை. ஆனால் அது வீட்டுச் சுவரில் திரியும் சாதாரணச் சிலந்தியுடையது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அப்ப இல்லைன்னே எழுதிக்கப்பா, அதுக்கென்ன" என்றார்.

ஆத்தா, தீப்பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஐப்பசி மழை விட்டதும் பரமக்குடிப் பக்கம் பார்க்கப் போகிறோம், போகிற வழியில் கொண்டுவந்து தருகிறேன்.