சிறார் வாசிப்பு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. ஓவியப் போட்டி நடந்தது. கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடப்பட்டது.

கதை நேரத்தில் குப்பை எதற்கு என்று செயற்குழுவில் கேட்கப்பட்டதால், அதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். சூழல் கதையை வாசித்து முடித்ததும் படம் வரையச் சொன்னால் அழுகிற மரமும் சிரிக்கிற பூமியும்தான் வரும். கதையை முடிவுக்கு முன்பே நிறுத்தி, அதே வாரத்தில் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் முடிவைப் பிள்ளைகளே எழுதுவார்கள். உலகமே அழிகிற கதைகளைச் சிறியவர்களுக்குத் தவிர்த்தோம். பயந்த பிள்ளை எதிலும் கைவைக்காது.

மண்புழுக் கதைக்கு, குப்பையை உரமாக்கும் மட்கு வாளி வைத்தோம். அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட 20 லிட்டர் வாளி. காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு பங்கு. சமைத்த உணவும் எண்ணெயும் கூடாது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், காற்று புகாமல் நாறும்; காய்ந்த இலை சேர்த்துக் கிளற வேண்டும். சொட்டே வராவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் மட்காது. மட்கச் சில மாதங்கள் ஆகும். பிள்ளைகளின் ஆர்வம் அதற்குள் வடிந்துவிடும். அதனால் வாரந்தோறும் வாளியைத் திறந்து பார்ப்பவரே மண்புழுவின் அடுத்த அத்தியாயத்தை எழுத வேண்டும் என்று வைத்தோம். வெண்பூஞ்சை பனிக்காடானது. வாளிச் சூடு எரிமலையானது. உண்மையில் அது நுண்ணுயிரிகள் வேலை செய்கிற சூடு.

நீர்க்கதைக்குச் சொட்டும் குழாயின் கீழ் அளவுக் குவளை. மணிக்கு 200 மில்லி என்றால் நாளுக்கு 4.8 லிட்டர். கணக்குப் போட்ட பிள்ளைகள் வாஷர் மாற்றும்வரை விடுவதில்லை.

பிள்ளைகள் வந்தார்கள்; பெரியவர்கள்தான் வரவில்லை. வாளியை முறைபோட்டுக் கிளறப் பெயர் கொடுத்தவர்களில் பலர் எட்டிப் பார்க்கவில்லை. நாற்றம் என்று புகார் சொன்னவர்களும் பெரும்பாலும் அவர்களே. சந்தா பாக்கிப் பட்டியலிலும் அதே பெயர்களைப் பார்க்கலாம்.

வரவும் செலவும் ஏறத்தாழ ஈடுகட்டின, விவரம் பொருளாளரிடம். இடம் தந்தவர்களுக்கும் புத்தகம் அளித்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை யாரேனும் ஏற்க முன்வந்தால் மகிழ்வேன். வராவிட்டால், கிளறுவதற்கு இருவரையாவது இன்றே பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். சந்தா ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.

செயலாளர்